ஏழு நிலையமா, மூன்றா, ஒன்றா? ஸ்காபரோ சப்வேயும் அது தோற்கடித்த திட்டங்களும்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் சப்வே பற்றிக் கதை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் குரல் உயர்ந்துவிடும். "டவுன்ரவுன்காரனுக்குச் சப்வே, எங்களுக்கு மட்டும் ட்ராமா?" என்று ஒரு பக்கம். "மூன்று நிலையத்துக்கு ஐந்தரை பில்லியனா?" என்று மற்றப் பக்கம். இரண்டு பக்கத்தாரும் வண்டியைத்தான் ஒப்பிடுகிறார்கள். இப்போதுள்ள சப்வேயான லைன் 2 கெனடி நிலையத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் சனத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு 2006 முதல் குறைந்தது நான்கு தெரிவுகள் ரொறன்ரோ மாநகரசபையின் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. எந்த வண்டி என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, நிலையம் எங்கே வருகிறது, வீட்டிலிருந்து அதுவரை எப்படிப் போவது, கட்டி முடியும்வரை என்ன செய்வது என்று கேட்டால், இந்த நான்கும் வழக்கமாகச் சொல்லப்படும் ஒழுங்கில் நிற்பதில்லை.

முன்பு இருந்தது

லைன் 2 கெனடிக்கு வந்தது 1980இல். அங்கிருந்து ஸ்காபரோ ரவுன் சென்ரர் பக்கம் போக 1985 மார்ச்சில் எஸ்.ஆர்.ரி. என்ற சின்ன ரயில் தடம் திறந்தது. 6.4 கிலோமீற்றர், ஆறு நிலையங்கள். முதலில் திட்டமிட்டது சாதாரண ஸ்ட்ரீட்கார் தடம்தான். ஒன்ராறியோ மாகாணம் தன் சொந்தக் கம்பனி உருவாக்கிய புதுத் தொழில்நுட்பத்தை உலகத்துக்குக் காட்ட ஆசைப்பட்டு அதை மாற்றியது. சக்கரத்தை மோட்டார் சுழற்றாது. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த உலோகத் தகட்டின் மேல் காந்தவிசையால் வண்டி இழுபட்டு ஓடும். பனியும் உறைமழையும் வந்தால் அது அடிக்கடி நின்றது. வண்கூவருக்கும் ஏறக்குறைய அதே வண்டிதான் போனது. அங்கே அதை வளர்த்தெடுத்தார்கள். இங்கே நான்கு பெட்டி கொண்ட ஏழு ரயில்களை வைத்து முப்பத்தெட்டு வருடம் ஒப்பேற்றினார்கள்.

கெனடியில் மாறி ஏறியவர்களுக்கு இந்தச் சண்டையின் வேர் எங்கே என்று தெரியும். சப்வே நிலத்துக்குக் கீழே. எஸ்.ஆர்.ரி. மேடை கட்டடத்தின் உச்சியில். நடுவில் பஸ் தளம். வேலை முடிந்து வரும் ஒரு முழு ரயில் சனமும் ஒரே எஸ்கலேற்றரை நோக்கி ஓடும். பாதி ஏறும்போதே மேலே கதவு மூடும் மணி கேட்கும். தள்ளுவண்டிலில் பிள்ளையோடு நிற்கும் தாய் லிஃப்ட் தேடிப் போவாள். லிஃப்ட் பழுது என்று அறிவித்தல் ஒட்டியிருக்கும். மாறி ஏறுவது என்றாலே ஸ்காபரோ சனத்துக்கு எரிச்சல் வருவது இந்த ஏற்றத்தால். பின்னால் வந்த அரசியல்வாதிகள் அந்த எரிச்சலைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். கெனடி நிலையத்தைத் திருத்தினால் அந்த எரிச்சலில் பெரும்பங்கு போய்விடும் என்பதை மட்டும் மேடையில் யாரும் உரத்துச் சொல்லவில்லை.

பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால்

2006இல் வந்த ஆய்வு சொன்னது எளிய வழி: தடத்தை வைத்துக்கொண்டு, வண்கூவரில் ஓடும் அடுத்த தலைமுறைப் பெட்டிகளை வாங்குவது. எல்ஸ்மியருக்கு வடக்கே இருந்த சின்னச் சுரங்கத்தின் வளைவு புதுப் பெட்டிக்குக் காணாது, அதை அகட்ட வேண்டும். மொத்தச் செலவு சுமார் 360 மில்லியன் டொலர். இன்றைய கணக்கில் இது சில்லறை. ஆனால் நிலையம் கூடாது, தடம் நீளாது, வேறு யாரிடமும் இல்லாத உதிரிப்பாகங்களோடு ஒரு தனித் தடம் தொடர்ந்து இருக்கும். நான் அப்போது மாநகரசபையில் இருந்திருந்தால் இதற்குக் கை உயர்த்தியிருக்க மாட்டேன். ஆனாலும் சில வருடத்துக்குள் புதுப் பெட்டிகள் ஓடியிருக்கும் என்பதை மறுக்க முடியாது.

ஏழு நிலைய எல்.ஆர்.ரி.

2007இல் மேயர் டேவிட் மில்லர் அறிவித்த ட்ரான்சிற் சிற்றி என்ற இலகு ரயில் (எல்.ஆர்.ரி.) வலையமைப்புத் திட்டத்தின் ஒரு துண்டு இது. எஸ்.ஆர்.ரி. தடத்தையே எல்.ஆர்.ரி.யாக மாற்றி, மக்கோவனைத் தாண்டி ஷெப்பேர்ட் வரை நீட்டுவது. ஏறக்குறைய 10 கிலோமீற்றர். கெனடிக்கு அப்பால் லோறன்ஸ் ஈஸ்ற், எல்ஸ்மியர், மிட்லண்ட், ஸ்காபரோ சென்ரர், மக்கோவன், சென்ரெனியல் கல்லூரி, ஷெப்பேர்ட் என்று ஏழு நிலையங்கள். பணம் கிடைத்தால் மல்வேர்ன் வரை இன்னொரு கட்டம். செலவு 2010 விலையில் 1.48 பில்லியன், கட்டி முடிக்கும் காலத்து விலையில் 1.8 பில்லியன் அளவு. முழுவதும் மாகாணத்தின் பணம். வீட்டுச் சொத்து வரியில் ஒரு சதமும் கூடாது.

இதை எதிர்த்தவர்கள் காட்டிய படம் சென் கிளேயர் தெரு. அங்கே ஸ்ட்ரீட்காருக்குத் தனித் தடம் போட்டபோது வேலை இழுபட்டது, கடைக்காரர் நொந்துபோனார்கள். மேயர் வேட்பாளர் றொப் ஃபோர்ட் அதையே எல்லா எல்.ஆர்.ரி.க்கும் முகமாக்கினார். 2025 டிசம்பரில் திறந்த ஃபிஞ்ச் வெஸ்ற் எல்.ஆர்.ரி. தடம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடியதைப் பார்த்தவர்கள் "அப்பவே சொன்னோம்" என்கிறார்கள். ஸ்காபரோ திட்டத்துக்கு அந்தப் படம் பொருந்தாது. இந்தத் தடம் தெருவின் நடுவில் ஓடவில்லை. ஒரு சந்தியில்கூடக் கார் குறுக்கிடாது, எஸ்.ஆர்.ரி.யைப் போலவே முழுவதும் தனி வழி. வண்டியின் பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டையும் ஒன்றென்று நம்பவைக்க முடிந்தது.

குறை இல்லையா? இருந்தது. ஏழில் எல்ஸ்மியரும் மிட்லண்டும் அப்போதே காற்று வாங்கிக்கொண்டிருந்த நிலையங்கள், எல்ஸ்மியர் நகரப் போக்குவரத்து அமைப்பான ரி.ரி.சி.யின் முழு வலையமைப்பிலேயே ஆள் ஏறியது மிகக் குறைந்த நிலையங்களில் ஒன்று. தடம் போன பாதையும் அன்று சரக்கு ரயில் பாதை கிடைத்தது என்பதற்காகத் தெரிவானது. சனம் இருந்த இடம் பார்த்துப் போட்டதல்ல. கெனடியில் மாறி ஏறுவதும் தொடரும், இலகுவாக்கப்பட்டிருந்தாலும். எல்லாவற்றையும்விடச் சனத்தைப் பயமுறுத்தியது இன்னொன்று: கட்டுமானத்துக்காக எஸ்.ஆர்.ரி.யை ஏறக்குறைய மூன்று வருடம் மூடிவிட்டு பஸ் விடவேண்டும். "மூன்று குளிர்காலம் பஸ்ஸிலா?" என்ற கேள்விக்கு எல்.ஆர்.ரி. ஆதரவாளர்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

மூன்று நிலையச் சப்வே, முதல் பதிப்பு

றொப் ஃபோர்ட் 2010 டிசம்பர் 1இல் மேயராகப் பதவி ஏற்ற அன்றே ட்ரான்சிற் சிற்றி முடிந்தது என்றார். 2012இல் மாநகரசபை அவரை மீறி எல்.ஆர்.ரி.யை மீட்டு, மாகாணத்தோடு ஒப்பந்தமும் போட்டது. ஒரு வருடம் தாங்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு மாகாண இடைத்தேர்தல் வந்தது. எல்லாக் கட்சியும் சப்வேக் கட்சியானது. 2013 ஒக்டோபர் 8இல் மாநகரசபை 24க்கு 20 என்ற வாக்கில் எல்.ஆர்.ரி.யைக் கைவிட்டது. கைவிட்ட வேலைக்கு ஏற்கெனவே செலவான சுமார் 75 மில்லியனை நகரம்தான் ஏற்கவேண்டி வந்தது.

பதிலுக்கு வந்தது மக்கோவன் வீதியின் கீழ் மூன்று நிலையச் சப்வே, 3.56 பில்லியன். மாகாணம் 1.48, மத்திய அரசு 0.66, மிச்சம் நகரத்தின் தலையில். அதற்காகச் சொத்து வரியில் மூன்று வருடத்தில் படிப்படியாக 1.6 சதவீதம் ஏற்றினார்கள். ரொறன்ரோவில் வீடு வைத்திருப்பவர்கள் அந்த வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஸ்காபரோவில் கால் வைக்காதவர்கள் உட்பட.

அப்போது நகரத் திட்டமிடல் துறை கொடுத்த மதிப்பீடு: உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 9,500 முதல் 14,000 பேர். நல்ல எல்.ஆர்.ரி. ஒன்று 15,000 பேர்வரை தாங்கும். சப்வே அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே கூட்டத்தைத் தாங்கச் சப்வேதான் வேண்டும் என்ற வாதம் எண்ணிக்கையில் நிற்கவில்லை. நின்றது வேறு வாதம்: மாறி ஏறாமல் ஒரே இருக்கையில் டவுன்ரவுனுக்குப் போகலாம். இதைப் பரிகசிப்பவர்கள் காலை ஆறரைக்கு ஸ்காபரோவில் வேலைக்குப் புறப்பட்டுப் பார்க்காதவர்கள். அந்த ஒரு இருக்கைக்கு மதிப்பு உண்டு. எவ்வளவு மதிப்பு என்பதிலேயே எனக்குச் சண்டை.

ஒற்றை நிலையம்

2016 ஜனவரியில் மேயர் ஜோன் ரோரியின் நிர்வாகம் ஒரு சமரசத்தைக் கொண்டுவந்தது. கெனடியிலிருந்து ஸ்காபரோ சென்ரர் வரை 6 கிலோமீற்றர், நடுவில் ஒரு நிலையமும் இல்லாத விரைவுச் சப்வே. மிச்சம் பிடிக்கும் பணத்தில் எக்ளிங்டன் கிழக்கு வழியாக ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகம் வரை பதினேழு நிறுத்தத்தில் ஒரு எல்.ஆர்.ரி. காகிதத்தில் நான்கு தெரிவிலும் கெட்டித்தனமானது இதுதான். சப்வே கேட்டவருக்குச் சப்வே, நிறுத்தம் கேட்டவருக்கு நிறுத்தம், அதே 3.56 பில்லியனுக்குள்.

அது அந்தத் தொகைக்குள் நின்றது ஐந்து மாதம். சப்வேயின் விலை 2 பில்லியனிலிருந்து ஜூன் மாதமே 2.9 ஆனது, 2017 மார்ச்சில் 3.35. எக்ளிங்டன் கிழக்கு எல்.ஆர்.ரி.யின் பங்கைச் சுரங்கம் விழுங்கிவிட்டது. எதிர்பார்த்த பயணிகள் உச்ச நேரத்தில் 7,300 பேர். புதிதாகப் பொதுப் போக்குவரத்துக்கு வருபவர்கள் நாளுக்கு 2,300 பேர்.

நிலையத்தை வெட்டினால் பணம் மிச்சம் என்பது உண்மைதான். சுரங்கத்தை இயந்திரம் துளைத்துக்கொண்டு போய்விடும். நிலையத்துக்கு மேலிருந்து பெட்டிபோல் தோண்டவேண்டும். ரி.ரி.சி. மேடை ஒன்றே 152 மீற்றர் நீளம். அதன் இரு முனையிலும் காற்றாடி அறைகள், மின் அறைகள், அவசர வழிகள், மேலே பஸ் நிலையம். தோண்டும் வரை பக்கச் சுவர் சரியாமல் தாங்கவேண்டும், நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும், வீதியில் வாகனம் ஓடவேண்டும், கீழே கிடக்கும் தண்ணீர்க் குழாயையும் கேபிளையும் இடம் மாற்றவேண்டும். ஆகவே கணக்குப்பிள்ளை முதலில் கத்தி வைப்பது நிலையத்தில். ஆனால் நிலையம் இல்லாத ஆறு கிலோமீற்றர் சுரங்கம் தன் மேலே குடியிருப்பவர்களுக்கு எதைச் செய்யும்? லோறன்ஸும் மக்கோவனும் சந்திக்கும் இடத்தில் ஸ்காபரோவின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசலடியால் போகும் சப்வே அங்கே நிற்காது என்ற ஒரு திட்டத்தை மாநகரசபை இரண்டு வருடத்துக்கு மேல் நேரான முகத்தோடு ஆதரித்தது. நான்கில் மோசமானது எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் இதைக் காட்டுவேன்.

இப்போது தோண்டுவது

2019 ஏப்ரலில் முதல்வர் டக் ஃபோர்டின் மாகாண அரசு திட்டத்தைத் தன் கைக்கு எடுத்து, மூன்று நிலையத்துக்குத் திரும்பியது: லோறன்ஸ்–மக்கோவன், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பேர்ட்–மக்கோவன். 7.8 கிலோமீற்றர். மதிப்பீடு 5.5 பில்லியன், திறப்பு 2029–30 என்றார்கள். 2021 ஜூனில் அடிக்கல் விழா. 2023 ஜனவரியில் ஷெப்பேர்ட்–மக்கோவன் குழியிலிருந்து துளைப்பு இயந்திரம் புறப்பட்டது. டிகி ஸ்கார்டஸ்ற் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதன் விட்டம் 10.7 மீற்றர். வழக்கமாக ரொறன்ரோவில் ஒரு திசைக்கு ஒன்றாக இரண்டு சின்னச் சுரங்கம் துளைப்பார்கள். இங்கே ஒரே பெரிய குழாய்க்குள் இரண்டு தடமும். சுரங்கங்களை இணைக்கும் குறுக்கு வழிகள் தோண்டத் தேவையில்லை. ரயில் தடம் மாறும் இடத்தையும் குழாய்க்குள்ளேயே வைக்கலாம். விலை எங்கே என்றால், வெளியே வரும் மண் கூட, குழாய் ஆழம் கூட, ஆகவே நிலையமும் ஆழம். ஹைலண்ட் கிறீக்கின் கிளைக்கும் கீழே போகவேண்டியிருப்பதால் லோறன்ஸில் இறங்குபவர் வெளிச்சத்தைக் காணப் பல மாடி ஏறவேண்டும். கெனடியின் படிகளிலிருந்து தப்பப் போய் வாங்கியது இது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகருக்குப் போன லைன் 1 சப்வே நீட்டிப்பு இருக்கிறது. 2017 டிசம்பரில் திறந்தது, 8.6 கிலோமீற்றர், ஆறு நிலையம், சுமார் 3.2 பில்லியன். திறந்தபோது அதில் சில நிலையங்களைச் சுற்றி வாகனத் தரிப்பிடமும் வெறுங்காணியும்தான். ஸ்காபரோவில் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அங்கே ஆறு, இங்கே மூன்று. விலைவாசி ஏறிவிட்டது என்பார்கள். ஏறியதுதான். பத்து வருடம் திட்டம் மாற்றிக்கொண்டிருந்தால் ஏறாமல் என்ன செய்யும்?

யாருக்கு எது

மல்வேர்னில் இருப்பவரை எடுங்கள். எங்கள் சனம் செறிந்து வாழும் இடங்களில் ஒன்று. எல்.ஆர்.ரி.யின் ஷெப்பேர்ட் நிலையம் மார்க்கம் வீதிக்குச் சற்றுக் கிழக்கே வந்திருக்கும். சப்வே நிலையம் அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் மேற்கே. இரண்டாம் கட்டம் வந்திருந்தால் ரயில் மல்வேர்னுக்குள்ளேயே போயிருக்கும். இவருக்கு எல்.ஆர்.ரி. சந்தேகமில்லாமல் மேல். சென்ரெனியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும் அப்படியே: வாசலில் வரவிருந்த நிலையம் போய், ஸ்காபரோ சென்ரரில் இறங்கி பஸ் என்று ஆகிவிட்டது.

லோறன்ஸ்–மக்கோவன் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் தாதிக்குக் கணக்கு மறுபக்கம். பழைய லோறன்ஸ் ஈஸ்ற் நிலையம் அவருக்கு 54ஆம் இலக்க பஸ்ஸில் போகவேண்டிய தூரம்; புதியது வேலையிடத்தின் அருகில். மக்கோவனுக்கு வடக்கே, ஸ்ரீல்ஸ் பக்கமிருந்து பஸ்ஸில் இறங்கி வருபவருக்கும் ஷெப்பேர்ட்–மக்கோவன் பெரிய வரப்பிரசாதம். இந்த நிலையம் இருப்பதால்தான் இன்றைய திட்டத்தை ஒற்றை நிலையத்தைவிடப் பல படி மேலே வைக்கிறேன்.

டான்ஃபோர்த் வீதியும் எக்ளிங்டனும் சந்திக்கும் பக்கம் குடியிருப்பவருக்கோ எதுவுமில்லை. கெனடிக்கும் லோறன்ஸுக்கும் இடையில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் ரயில் அவர் காலடியில் ஓடும், நிற்காது. அவருக்கு உதவியிருக்கக்கூடியது எக்ளிங்டன் கிழக்கு எல்.ஆர்.ரி. அதற்கு இன்னும் ஒரு அடி தண்டவாளம் போடவில்லை.

மாகாணப் போக்குவரத்து அமைப்பான மெட்ரோலிங்ஸின் சொந்த எண்களே இதைச் சொல்கின்றன. 2041இல் நாளுக்கு 105,000 முறை ஆட்கள் ரயில் ஏறுவார்கள் என்கிறது. நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் இருப்பவர்கள் 38,000 பேர் என்கிறது. அப்படியென்றால் ஏறுபவர்களில் பெரும்பங்கு பஸ்ஸில் வந்து ஏறப்போகிறவர்கள். மாறி ஏறுவது ஒழியவில்லை. கெனடியிலிருந்து மக்கோவனுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

பஸ் பயம்

எல்.ஆர்.ரி.யை வீழ்த்திய வாதம் மூன்று வருட பஸ். சப்வே கட்டினால் அது முடியும்வரை எஸ்.ஆர்.ரி. ஓடிக்கொண்டிருக்கும் என்றார்கள். திட்டம் மாற மாறப் பெட்டிகள் வயது மீறின. 2023 நவம்பரில் மூடுவதாக முடிவானது. அதுவரைகூடத் தாங்கவில்லை: அந்த வருடம் ஜூலை 24 மாலை எல்ஸ்மியருக்கு அருகே கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேர் சிறு காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதன்பின் ஒரு ரயிலும் ஓடவில்லை. மூன்று குளிர்காலத்துக்குப் பயந்தவர்களுக்கு அதைவிட இரண்டு மடங்கு காத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. மூடியபின் ரி.ரி.சி. பல பஸ் தடங்களை ஸ்காபரோ சென்ரரில் நிறுத்தாமல் நேரே கெனடிக்கு நீட்டியது. கெனடி, மிட்லண்ட் வீதிகளில் பஸ்ஸுக்கெனத் தனித் தடமும் தீட்டியது. பஸ்ஸில் ஒரு நாள் கேட்டது:

"தம்பி, இது கெனடிக்கு நேரே போகுமோ?"

"ஓம் அம்மா, இப்ப எல்லாம் நேரேதான். நடுவில இறங்கத் தேவையில்லை."

"அப்ப முந்தியைவிட நல்லம்தானே."

நேரம் கூடத்தான் எடுக்கிறது; சறுக்கும் நாளில் இன்னும் கூட. ஆனால் நாற்பது வருடமாக வெறுத்த அந்த மாறி ஏறுதல்களில் ஒன்று, ஒரு பில்லியனும் செலவில்லாமல் போய்விட்டது. தீந்தையும் பஸ்ஸும் செய்ததை 2013 விவாதத்தில் ஒருவரும் தெரிவாகக்கூட வைக்கவில்லை. பழைய எஸ்.ஆர்.ரி. தடத்தையே பஸ் வழியாக்கும் வேலை பின்னர்தான் முடிவானது.

எல்.ஆர்.ரி. ஆதரவாளர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1.8 பில்லியன், ஏழு நிலையம், எப்போதோ திறந்திருக்கும் என்று அவர்கள் சொல்லும்போது, கட்டப்படாத திட்டத்துக்கு விலை ஏறுவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே காலத்தில், அதே அமைப்புகள் கையாண்ட எக்ளிங்டன் க்ரொஸ்ரவுன் எல்.ஆர்.ரி. 2011இல் தொடங்கி 2020இல் திறக்கவேண்டியது. அந்த 2020 வந்து போய்ப் பல வருடம் ஆகியும் கதவு மூடியே கிடந்தது. ஸ்காபரோ எல்.ஆர்.ரி.யில் பெரிய சுரங்கம் இல்லை என்பதால் அவ்வளவு மோசமாகியிருக்காது. இரண்டு பில்லியனுக்குள் முடிந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். இரண்டரைக்குப் போயிருந்தாலும், இன்றைய விலையில் பாதிக்கும் குறைவு. நிலையம் இரண்டு மடங்குக்கு மேல். 2012இல் என் தெரிவு அதுதான், இன்றைக்கும் அதை மாற்றக் காரணம் காணவில்லை.

குழி தோண்டியாகிவிட்ட பிறகு எல்.ஆர்.ரி.க்குத் திரும்பு என்பது வெறும் கோபம். இனிப் பேரம் பேச இருப்பது வேறு. ஷெப்பேர்ட்–மக்கோவனில் வந்து இறங்கும் பஸ்கள் உச்ச நேரம் தவிர்ந்த நேரத்திலும் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருமா? சப்வே திறந்த மறுநாள் கெனடிக்கு நேரே போகும் பஸ்களை வெட்டி, தனித் தடங்களை அழித்துவிடுவார்களா? லோறன்ஸில் மக்கோவனின் இரு பக்கமும் வாசல் வருமா, அல்லது ஆஸ்பத்திரிக்குப் போக ஆறு வழி வீதியைக் கடக்கவேண்டுமா?

இதற்கிடையில் அடுத்த ஒப்பீடு தொடங்கிவிட்டது. 2002இல் ஐந்து நிலையத்தோடு டொன் மில்ஸில் நின்றுபோன ஷெப்பேர்ட் சப்வே லைனைக் கிழக்கே மக்கோவன் வரை கொண்டுவரலாமா என்று மெட்ரோலிங்ஸ் ஆராய்கிறது. பொதுக் கூட்டங்களில் பெரிய வரைபடம் வைப்பார்கள். விக்ரோறியா பார்க், வோடன், கெனடி, மிட்லண்ட், பிறிம்லி என்று ஷெப்பேர்ட்டைக் குறுக்கே வெட்டும் வீதிகளில் எத்தனைக்கு அந்தப் படத்தில் புள்ளி இருக்கிறது, விலை ஏறும்போது முதலில் எந்தப் புள்ளி மறையும் என்று அங்கேயே எழுந்து கேளுங்கள்.